மெட்ரிக் தேர்வில் 2 முறை ஃபெயில்.. உலகத்துக்கே மருந்து தந்த சென்னை மாணவர்! யார் இந்த யெல்லாப்பிரகட சுப்பாராவ்?

கர்ப்பிணிகளுக்கு டாக்டர் எழுதித் தரும் ஃபோலிக் ஆசிட் மாத்திரை, யானைக்கால் நோய்க்கு சுகாதாரத் துறை ஊழியர்கள் வீடு வீடாக வந்து கொடுக்கும் மாத்திரை, கேன்சருக்கும் மூட்டுவாதத்துக்கும் தரப்படும் மெத்தோட்ரெக்ஸேட், டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாட்டிக்.. இந்த நான்குக்கும் என்ன சம்பந்தம்?

நான்குக்குப் பின்னாலும் ஒரே மனிதர் இருக்கிறார். அவர் டாக்டருக்குப் படித்தது நம்ம சென்னையில்தான். ஆனா அவர் பெயரைச் சொன்னால் நம்மில் பலருக்கும் தெரியாது. யார் அவர்? வாங்க பார்க்கலாம்.

வாழைப்பழம் விற்கக் கிளம்பிய சிறுவன்

யெல்லாப்பிரகட சுப்பாராவ் 1895 ஜனவரி 12ஆம் தேதி பீமவரத்தில் பிறந்தார். இன்று ஆந்திராவில் இருக்கும் அந்த ஊர், அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. வீட்டில் ஏழு பிள்ளைகள், வருமானமோ கம்மி. 13 வயதில், காசிக்குப் போய் யாத்திரை வருபவர்களிடம் வாழைப்பழம் விற்றுப் பெரிய ஆளாகிவிடலாம் என்று வீட்டை விட்டு ஓடினார். பாதி வழியிலேயே பிடித்து அழைத்து வந்துவிட்டார்கள்.

படிப்பும் சட்டென்று வரவில்லை. மெட்ரிகுலேஷனில் இரண்டு முறை ஃபெயில். மூன்றாவது முறை சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துத்தான் பாஸ் ஆனார். பிறகு மாநிலக் கல்லூரி. நடுவில் ராமகிருஷ்ண மிஷனில் சேர்ந்து துறவியாக ஆசைப்பட்டார். அம்மா சம்மதிக்கவே இல்லை. கடைசியில் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

கதர் உடுத்தியதால் போன பட்டம்

அது காந்தி அந்நியத் துணியைப் புறக்கணிக்கச் சொன்ன காலம். சுப்பாராவ் ஆபரேஷன் தியேட்டருக்கே கதர் அங்கி போட்டுக்கொண்டு வந்தார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. விளைவு? முழு எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக, அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கைக்கு வந்தது. அரசு மருத்துவப் பணியும் கிடைக்கவில்லை. சென்னையில் ஓர் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறியல் பாடம் எடுத்தார்.

இதைவிடப் பெரிய அடி வீட்டில் விழுந்திருந்தது. அண்ணனும் தம்பியும் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். காரணம், ஸ்ப்ரூ என்ற குடல் நோய். சாப்பிடுவது எதுவும் உடம்பில் ஒட்டாது. ரத்தம் குறைந்து ஆள் உருகிப் போவார். அன்றைக்கு அதற்குச் சரியான மருந்தே இல்லை. டாக்டருக்குப் படித்தும் கூடப் பிறந்தவர்களைக் காப்பாற்ற முடியாத நிலை.

மனைவியைப் பிரிந்த பயணம்

1922 அக்டோபர் மாதம் சுப்பாராவ் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் போய் இறங்கினார். மாமனாரின் பண உதவி பயணத்துக்குக் கை கொடுத்தது. கர்ப்பமாக இருந்த மனைவி சேஷகிரி ஊரிலேயே இருந்தார். சீக்கிரம் திரும்பி விடலாம் என்பதுதான் திட்டம். அது நடக்கவே இல்லை. அவர் போன பிறகு பிறந்த மகன், ஒரு வயது முடியும் முன்பே நோயில் இறந்தான். அப்பா பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. அதன் பிறகும் சுப்பாராவ் ஊர் திரும்பவில்லை. கணவனும் மனைவியும் மறுபடி சந்திக்கவே இல்லை.

எல்.எம்.எஸ். படிப்பை வைத்து அங்கே டாக்டராக வேலை பார்க்க முடியாது. ஆஸ்பத்திரியில் இரவு நேரத்தில் நோயாளிகளின் மலஜலம் எடுக்கும் உதவியாளர் வேலை பார்த்தார். பகலில் ஹார்வர்டில் வெப்பமண்டல நோய்கள் பற்றிய படிப்பு. அது முடிந்ததும் உயிர்வேதியியல் துறையில் சேர்ந்தார்.

உடம்பின் சில்லறைக் காசைக் கண்டுபிடித்தவர்

ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கே என்பவருடன் சேர்ந்து, ரத்தத்திலும் திசுக்களிலும் எவ்வளவு பாஸ்பரஸ் இருக்கிறது என்று அளக்க ஒரு எளிய வழியை 1925-ல் வெளியிட்டார். சில ரசாயனங்களைக் கலந்தால் கரைசல் நீலமாக மாறும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ, பாஸ்பரஸ் அவ்வளவு அதிகம். அவ்வளவுதான் விஷயம்! ஃபிஸ்கே-சுப்பாராவ் முறை என்ற பெயரில் இது இன்றைக்கும் கல்லூரி ஆய்வகங்களில் சொல்லித் தரப்படுகிறது.

அதே கருவியைக் கையில் வைத்துக்கொண்டு தசையைத் துருவியபோது 1927-ல் பாஸ்போகிரியேட்டின் என்ற பொருள் கிடைத்தது. 1929-ல் ஏ.டி.பி. கிடைத்தது. நடப்பது, மூச்சு விடுவது, இதோ இந்த வரியைப் படிப்பது என எல்லாவற்றுக்கும் நம் செல்கள் செலவழிக்கும் சில்லறைக் காசுதான் ஏ.டி.பி. அதே ஆண்டு ஜெர்மனியில் கார்ல் லோமனும் தனியாக இதைக் கண்டுபிடித்தார். பிளஸ் டூ பயாலஜி படித்தவர்கள் ஏ.டி.பி.யை மறந்திருக்க மாட்டார்கள். ஆனா பாடப் புத்தகத்தில் சுப்பாராவ் பெயரைப் பார்த்த ஞாபகம் இருக்கிறதா?

இவ்வளவு செய்தும் ஹார்வர்டில் அவருக்கு நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. 1940-ல் நியூயார்க் மாகாணத்தில் உள்ள லெடர்லே மருந்து நிறுவனத்துக்கு மாறினார். 1942-க்குள் அதன் ஆராய்ச்சிப் பிரிவுக்கே இயக்குநர் ஆனார்.

அண்ணன் தம்பியைக் கொன்ற நோய்க்கு மருந்து

இங்கேதான் கதையின் முக்கியமான திருப்பம். கல்லீரல் சாறு கொடுத்தால் சில வகை ரத்தசோகை குணமாகிறது என்பது தெரிந்த விஷயம். அதில் எந்தப் பொருள் வேலை செய்கிறது? சுப்பாராவின் குழு தேடிப் பிடித்தது ஃபோலிக் ஆசிட். 1945-ல் அதை ஆய்வகத்திலேயே செயற்கையாகத் தயாரித்தும் காட்டினார்கள். அந்த மருந்தை ஸ்ப்ரூ நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது பலன் தெரிந்தது. ஆமாம், அவருடைய அண்ணனையும் தம்பியையும் கொண்டுபோன அதே ஸ்ப்ரூ! அவர்களுக்கு இது கால் நூற்றாண்டு தாமதம்.

இன்று ஃபோலிக் ஆசிட் கர்ப்பிணிகளுக்கு ஏன் தரப்படுகிறது? கருவின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் ஆரம்ப வாரங்களில் இந்தச் சத்து குறைந்தால் பிறவிக் குறைபாடு வரலாம். அதனால்தான் கருத்தரிக்கும் முன்பே இதைத் தொடங்கச் சொல்கிறார்கள் மருத்துவர்கள்.

சத்தைத் தடுத்தால் கேன்சர் அடங்குமா?

பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற குழந்தைகள் நோயியல் மருத்துவர் இருந்தார். லுகேமியா, அதாவது ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு ஃபோலிக் ஆசிட் கொடுத்தால் நோய் இன்னும் வேகமாகிறது என்று அவருக்குப் பட்டது. அப்படியென்றால் ஃபோலிக் ஆசிட்டைத் தடுத்தால்?

சுப்பாராவின் குழு, பார்க்க ஃபோலிக் ஆசிட் மாதிரியே இருக்கும், ஆனா அதன் வேலையைச் செய்யாத போலி மூலக்கூறுகளைத் தயாரித்தது. பூட்டில் மாட்டிக்கொண்டு திறக்க விடாத தப்புச் சாவி மாதிரி. புற்றுநோய் செல் பெருகுவதற்கு ஃபோலிக் ஆசிட் வேண்டும். தப்புச் சாவி சிக்கினால் பெருக்கம் நிற்கும். அப்படி வந்ததுதான் அமினோப்டெரின். 1948-ல் ஃபார்பர் வெளியிட்ட முடிவில், 16 குழந்தைகளில் 10 பேருக்கு முன்னேற்றம் தெரிந்தது. அது தற்காலிகமான முன்னேற்றம்தான். ஆனா மருந்தால் குழந்தைகளின் லுகேமியாவைத் தற்காலிகமாகவாவது அடக்க முடியும் என்று அது காட்டியது.

அதன் தம்பி மருந்துதான் மெத்தோட்ரெக்ஸேட். புற்றுநோய், முடக்குவாதம், சொரியாசிஸ் என்று இன்றும் பயன்படுகிறது. ஒரு எச்சரிக்கை: மூட்டுவாதத்துக்கு இதை வாரத்துக்கு ஒருமுறைதான் தருவார்கள். தினமும் எடுத்தால் உயிருக்கே ஆபத்து. டாக்டர் சொன்னபடி மட்டுமே சாப்பிட வேண்டும்.

மண்ணிலிருந்து ஒரு தங்க மருந்து

யானைக்கால் நோய்க்கான டி.இ.சி. மருந்தும் 1947-ல் இவர் தலைமையிலான ஆய்வகத்திலிருந்து வந்ததுதான். ஓய்வு பெற்ற வயதில் இருந்த தாவரவியலாளர் பெஞ்சமின் டக்கர் இங்கே மண் மாதிரிகளைச் சோதித்து, ஒரு தங்க நிற நுண்ணுயிரிலிருந்து ஆரியோமைசின் மருந்தைப் பிரித்தார். டெட்ராசைக்ளின் குடும்பத்தின் மூத்த மருந்து இது. உலகத்துக்கு அறிவிக்கப்பட்ட ஆண்டு 1948.

அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம், சுப்பாராவ் தூக்கத்திலேயே மாரடைப்பால் இறந்தார். வயது வெறும் 53.

ஏன் இவரை நமக்குத் தெரியவில்லை?

ஒன்று, அவர் பெயருக்கு ஆசைப்படவில்லை. கண்டுபிடிப்புகளைக் குழுவின் சாதனையாகவே முன்வைத்தார். இரண்டு, ஹார்வர்டில் அவர் செய்த சில வேலைகள் வெளியே வராமலே போயின. அதில் சிலவற்றை மற்றவர்கள் மறுபடி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது என்று பின்னாளில் நோபல் வென்ற ஜார்ஜ் ஹிச்சிங்ஸ் சொல்லியிருக்கிறார். மூன்று, நோபல் பரிசை இறந்தவர்களுக்குத் தருவதில்லை. இவரது மருந்துகளின் முழு அருமை தெரியவந்தபோது அவர் உயிரோடு இல்லை.

அமெரிக்காவில் 25 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தும் அந்த நாட்டுக் குடியுரிமை இல்லாமலே இறந்தார். இந்தியர்களுக்கு அந்த உரிமையைத் தரும் சட்டமே 1946-ல்தான் வந்தது. இந்திய அரசு அவரது நூற்றாண்டான 1995-ல் தபால்தலை வெளியிட்டது.

அடுத்த முறை ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்தச் சின்ன ஃபோலிக் ஆசிட் மாத்திரையைக் கையில் வாங்கும்போது, திருவல்லிக்கேணியில் மூன்றாவது முறையாகப் பரீட்சை எழுதப் போன அந்தப் பையனை ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க.