நந்தனாக நடித்தவர் சிதம்பரத்துக்கே வந்தார்!
இசைப் பேராசிரியர் தண்டபாணி தேசிகரின் வரலாறு

கச்சிராயபாளையத்தில் இருந்து சிதம்பரத்துக்குக் கள்ளக்குறிச்சி, விருத்தாசலம் வழியாகப் போகலாம். கல்வராயன் மலை அடிவாரத்தில் இருந்து சிதம்பரம் வரை, முன்பு எல்லாம் ஒரே தென் ஆற்காடு மாவட்டம்.

அந்தச் சிதம்பரத்துக்குப் போகவேண்டும் என்று ஏங்கிய ஏழைப் பண்ணையாளின் கதை நமக்கெல்லாம் தெரியும். அவர்தான் நந்தனார். சினிமாவில் நந்தனாராக நடித்த பாடகர் ஒருவர், பிற்காலத்தில் அதே சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைநகருக்கு, இசை சொல்லிக்கொடுக்கும் பேராசிரியராக வந்து சேர்ந்தார்.

அவர் பெயர் எம்.எம்.தண்டபாணி தேசிகர்.

தேவாரம் பாடிய குடும்பம்

தேசிகர் 1908-ம் ஆண்டு ஆகஸ்டு 27-ந் தேதி பிறந்தார். ஊர், நன்னிலம் பக்கத்தில் உள்ள திருச்செங்காட்டங்குடி. தந்தை பெயர் முத்தையா தேசிகர். கோவில்களில் தேவாரம் ஓதும் ஓதுவார் மரபு அது.

ஆகவே, தேவாரப் பண்கள் சின்ன வயதிலேயே அவர் காதில் விழுந்தன. பிறகு, கும்பகோணத்தில் பிடில் வித்துவான் ராஜமாணிக்கம் பிள்ளையிடம் கர்நாடக சங்கீதம் கற்றார்.

கணீர் என்ற குரல் அவருக்கு. அந்தக் குரலைச் சினிமா விடுமா?

வெள்ளித்திரையில்

1936-ல் "பட்டினத்தார்" படத்தில் நடித்தார். தாயுமானவர், மாணிக்கவாசகர் வேடங்களும் அவரைத் தேடி வந்தன. 1942-ல் வந்தது ஜெமினியின் "நந்தனார்". தில்லையை நினைத்து உருகும் நந்தனை, மக்கள் தேசிகர் உருவில் கண்டார்கள்.

"தாமரை பூத்த தடாகமடி" என்று அவர் பாடிய பாட்டும் கிராமபோன் தட்டில் ஒலித்தது.

தமிழ்ப் பாட்டுக்கு இடம் எங்கே?

அந்தக் காலத்துக் கச்சேரிகளில் தெலுங்கு, சமஸ்கிருதப் பாட்டுகளே பெரும்பாலும் ஒலித்தன. தமிழ்ப் பாட்டு கடைசியில், துக்கடாவாக வரும். கேட்பவர்களில் பலருக்குப் பாட்டின் பொருள் விளங்காது. ராகத்தை மட்டும் ரசித்துவிட்டு வீடு திரும்புவார்கள்.

இந்த நிலை மாறவேண்டும் என்று ராஜா அண்ணாமலைச் செட்டியார் நினைத்தார். 1929-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவியவர் அவரே. 1941-ல் அங்கே தமிழ் இசை மாநாடு கூடியது. 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. இந்த இயக்கத்தில் தேசிகர் முன்னால் நின்றார்.

எதிர்ப்பும் வந்தது. 1946-ல் திருவையாறு தியாகராஜர் ஆராதனையில், தேசிகர் தமிழ்ப் பாட்டு ஒன்றைப் பாடினார். அதனால் பெரிய சர்ச்சை கிளம்பியது. தமிழ்நாட்டு மேடையில் தமிழில் பாடியது ஒரு குற்றமா என்று பலர் மனம் கொதித்தார்கள்.

தேசிகர் பின்வாங்கவில்லை. தமிழிலேயே பாடினார். தாமும் தமிழில் பாட்டுகள் இயற்றினார்.

பாரதிதாசன் எழுதிய பாட்டு ஒன்று, துன்பம் வரும்போது யாழ் மீட்டி இன்பம் தரமாட்டாயா என்று கேட்கிறது. அதற்கு தேஷ் ராகத்தில் மெட்டு அமைத்தவர் தேசிகர். 1951-ல் "ஓர் இரவு" படத்தில் வந்து, அந்தப் பாட்டு வீட்டுக்கு வீடு ஒலித்தது. இன்றும் கச்சேரிகளில் அதைப் பாடுகிறார்கள்.

பேராசிரியர் ஆனார்

பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. சுமார் 15 ஆண்டுகள் அங்கே இசைத்துறைக்குத் தலைவராக இருந்தார்.

இதில் என்ன விசேஷம் என்று கேட்கலாம். தேவாரத்தில் ஒவ்வொரு பதிகத்துக்கும் ஒரு பண் உண்டு. பண் என்பது பழங்காலத்து ராகம். புறநீர்மை என்ற பண்ணை இப்போது பூபாளத்தில் பாடுகிறார்கள். பழம்பஞ்சுரத்தைச் சங்கராபரணத்தில் பாடுகிறார்கள். ஓதுவார்கள் தலைமுறை தலைமுறையாக வாயால் பாடி, காதால் கேட்டுக் காத்த செல்வம் இது. அந்த மரபில் வந்தவரே பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். அவர் மேடையில் பாடியதை ஒரு மாலைப்பொழுது கேட்கலாம். மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததோ, அவர்கள் மூலம் இன்னொரு தலைமுறைக்குப் போகும்.

1957-ல் தமிழ் இசைச் சங்கம் அவருக்கு "இசைப் பேரறிஞர்" பட்டம் அளித்தது. 1972-ம் ஆண்டு ஜூன் 26-ந் தேதி, தேசிகர் தமது 63-வது வயதில் காலமானார்.

கதையில் வரும் நந்தன் சிதம்பரம் போக எத்தனையோ நாள் காத்திருந்தான். தமிழ்ப் பாட்டும் மேடை ஏறக் காத்திருந்தது. அதற்கு வழி திறந்தவர்களில் தேசிகரும் ஒருவர்.

உங்கள் ஊர்க் கோவிலில் ஓதுவார் தேவாரம் பாடினால், பிள்ளைகளுடன் கொஞ்ச நேரம் நின்று கேளுங்கள். தேசிகரின் சங்கீதம் அங்கேதான் பிறந்தது.