தோற்றுத் தொடங்கிய தலைவர்

நிறைந்த ஏரிக்குக் காவல் இருப்பவனை ஊரில் யாரும் புகழ்வதில்லை. கரையில் ஒரு கசிவு கண்டுவிட்டால் போதும். ஊரே திரண்டு வந்து அவனைத்தான் கேள்வி கேட்கும். 1936-ஆம் ஆண்டில் இந்திய ஹாக்கி அணியின் தலைமையை ஏற்ற தியான் சந்தின் நிலையும் அப்படிப்பட்டதே. அவர் கைக்கு வந்தது இரண்டு ஒலிம்பிக் பந்தயங்களில் தொடர்ந்து தங்கம் வென்ற அணி. ஆனால் அவர் பொறுப்பேற்ற நாளில் அந்த ஏரியின் கரையில் கசிவு தொடங்கியிருந்தது. அதை அடைத்த கதையே அவர் வாழ்க்கையின் நடுப்பகுதி. மாணவர்களாகிய நாம் கருத்தூன்றிப் படிக்க வேண்டிய பகுதியும் அதுதான்.

மைசூரில் பயிலும் நமக்கு ஹாக்கி அயலார் ஆட்டம் ஆகாது. நமக்கு மேற்கே குடகு இருக்கிறது. குடும்பத்துக்கு ஓர் அணி என்று திரண்டு ஹாக்கி ஆடும் பெருவிழாவை 1997 முதல் அந்நாட்டு மக்கள் நடத்தி வருகிறார்கள். 1973-ஆம் ஆண்டு உலகக் கோப்பைப் போட்டியில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கி வெள்ளிப் பதக்கம் பெற்றுத் தந்த எம். பி. கணேஷ் குடகு வீரரே. இத்தகைய மண்ணில் வாழும் நாம், இந்த ஆட்டத்தின் முதற்பெரும் வீரரை வெறும் பெயராக மட்டும் அறிந்திருப்பது போதுமா?

தியான் சந்த் 1905-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள் அலகாபாத்தில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் தியான் சிங். தந்தை சமேசுவர சிங் படைவீரர். படைவீரர் குடும்பத்துக்கு நிலையான ஊர் ஏது? ஊர் ஊராக மாறிய குடும்பம் கடைசியில் ஜான்சியில் தங்கியது. இடமாற்றங்களுக்கிடையே பிள்ளையின் படிப்பு சில வகுப்புகளோடு நின்றது. இளமையில் அவருக்கு ஹாக்கியில் பெரிய ஈடுபாடும் இல்லை, மற்போரில்தான் ஆசை. 1922-ஆம் ஆண்டில் சாதாரணச் சிப்பாயாகப் படையில் சேர்ந்தார். அங்கேதான் கோலும் பந்தும் அவரை ஆட்கொண்டன. சுபேதார் பலே திவாரி என்ற மூத்தவர் அவருக்கு ஆட்டத்தின் அரிச்சுவடியைக் கற்றுக் கொடுத்தார். பகலில் படைவேலை, ஓய்வு நேரமெல்லாம் ஆட்டம். நிலவொளியில் தனியே பயின்றதால் தோழர்கள் அவரைச் சந்த் என்று அழைத்தார்கள் என்று சொல்வதுண்டு. சந்த் என்றால் நிலவு. அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

1926-இல் இந்தியப் படை அணி நியூசிலாந்து சென்றது. இருபத்தொரு ஆட்டங்களில் பதினெட்டில் வெற்றி, இரண்டில் சமநிலை, ஒன்றில் மட்டும் தோல்வி. திரும்பி வந்த சிப்பாய்க்கு லான்ஸ் நாயக் பதவி கிடைத்தது. 1928-இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்தியா முதன்முதலாகத் தங்கம் வென்றது. ஐந்து ஆட்டங்களில் இந்தியா போட்ட கோல்கள் இருபத்தொன்பது; அவற்றில் பதினான்கு தியான் சந்துடையவை. எதிரிகளால் ஒரு கோல்கூடப் போட முடியவில்லை. 1932-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அமெரிக்காவை இந்தியா 24-1 என்ற கணக்கில் வென்றது. அதில் தம்பி ரூப் சிங் பத்துக் கோலும் அண்ணன் எட்டுக் கோலும் போட்டனர்.

இவ்வளவு செய்தவருக்குத் தலைமை கிடைத்ததா? இல்லை. 1928-இல் தலைவர் ஆக்ஸ்போர்டில் பயின்ற ஜெய்பால் சிங். 1932-இல் தலைவர் லால் ஷா புகாரி. அக்காலத்தில் அணித் தலைமைக்கு ஆட்டத்திறன் மட்டும் போதவில்லை. கல்வியும் சமூக மதிப்பும் சேர்த்தே எடைபோடப்பட்டன. தாம் சிப்பாய் என்பதும் படிப்பில் குறைந்தவர் என்பதும் தலைமைக்குத் தடை என்றே தியான் சந்தும் நினைத்திருந்தார். 1935-இல் நியூசிலாந்துப் பயணத்துக்குத் தலைவராக வர வேண்டிய மானாவதர் நவாபு வராமல் போகவே, அந்த இடம் இவருக்குக் கிடைத்தது. நாற்பத்தெட்டு ஆட்டங்கள், நாற்பத்தெட்டிலும் வெற்றி! அந்தக் கணக்குக்கு முன்னால் படிப்புக் குறைவையும் பதவிக் குறைவையும் பேச யாருக்கு வாய் வரும்? அடுத்த ஆண்டு பெர்லின் ஒலிம்பிக் அணிக்கு அவரே தலைவரானார். அப்போதும் படையில் அவர் அதிகாரி நிலையை எட்டியிருக்கவில்லை.

நண்பர்களே, இனித்தான் சோதனை தொடங்குகிறது. 1936-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் அணி டில்லியில் கூடியது. டில்லி ஹாக்கி அணியோடு ஓர் ஆட்டம். உலக வெற்றியாளர் என்று பெயர் பெற்ற அணி 4-1 என்று தோற்றது! உள்ளூர் அணியிடம் தோற்றவர்கள் பெர்லினில் என்ன செய்வார்கள் என்ற கேள்வி எழாமல் இருக்குமா? பின்னர் வேறு ஊர்களில் ஆடி வென்று ஓரளவு தேறிக்கொண்டு, ஜூன் 27-இல் கப்பல் ஏறினார்கள். ஜூலை 10-இல் மார்செய் துறைமுகம். அங்கிருந்து மூன்றாம் வகுப்பு ரயில் பெட்டியில் இடிபட்டு ஜூலை 13-இல் பெர்லின் சேர்ந்தார்கள்.

நான்கே நாளில் அடுத்த அடி விழுந்தது. ஜூலை 17-இல் ஜெர்மன் அணியுடன் ஒரு பயிற்சி ஆட்டம். மீண்டும் 4-1, மீண்டும் தோல்வி. டில்லியில் பெற்ற தோல்வியைப் பயணத்துக்கு முந்திய சோர்வு என்று சொல்லித் தப்பலாம். பெர்லினில் பெற்றதை எப்படிச் சொல்வது? எந்த ஜெர்மனியை இறுதி ஆட்டத்தில் சந்திக்க வேண்டியிருக்குமோ, அதே ஜெர்மனியிடம் அல்லவா தோற்றிருக்கிறார்கள்! முந்திய எட்டு ஆண்டுகளின் புகழ் முழுவதும் இந்தத் தலைவரின் காலத்தில் கரைந்துவிடுமோ என்ற அச்சம் பிறந்தது. அன்றிரவு தலைவருக்கு உறக்கம் வரவில்லை.

இந்த இடத்தில் இரண்டு வகையான தலைவர்களை நாம் காணலாம். ஒருவகையினர், பயிற்சி ஆட்டம்தானே, கணக்கில் சேராது என்று மழுப்புவார்கள். மற்றொரு வகையினர், குறை எங்கே என்று தேடுவார்கள். தியான் சந்தும் அணியின் பொறுப்பாளர்களும் இரண்டாம் வழியில் நடந்தார்கள். முன்வரிசையில் தமக்கு வலப்பக்கத்தில் கைகொடுத்து ஆடுபவர் சரியாக அமையவில்லை என்பது புலப்பட்டது. இந்தியாவில் இருந்த அலி தாராவை உடனே அனுப்புமாறு செய்தி பறந்தது. தாராவும் படையைச் சேர்ந்தவர். முதலில் அணியோடு வர முடியாமற் போனவர். தம்மோடு வந்த ஆட்டக்காரர் போதவில்லை என்று ஒப்புக்கொள்வது எந்தத் தலைவருக்கும் எளிதல்ல. அப்படி ஒப்புக்கொண்டால் குறை தம் மீதே திரும்பும் என்று தெரிந்தும் அதைச் செய்தார்கள்.

தாரா வரும்வரை கையிலிருந்த ஆட்களை வைத்தே ஆடியாக வேண்டும். ஆகஸ்டு 5-இல் ஹங்கேரியை 4-0 என்று வென்றார்கள். அடுத்து அமெரிக்காவை 7-0. பின்னர் ஜப்பானை 9-0. ஒவ்வோர் ஆட்டத்திலும் கோல் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனதைப் பாருங்கள். தோற்ற அணி தன்னைத் தானே தேடிக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தது. ஆகஸ்டு 10-இல் தாரா பெர்லினை அடைந்தார். அரையிறுதியில் பிரான்சு 10-0 என்று வீழ்ந்தது.

இறுதி ஆட்டம் ஆகஸ்டு 14-இல் நடக்க வேண்டியது. மழை பெய்ததால் ஒரு நாள் தள்ளிப் போயிற்று. எதிரில் ஜெர்மனி. ஆடையறையில் வீரர்கள் அமைதியின்றி இருந்தார்கள். ஜூலை 17 யாருக்கும் மறக்கவில்லை. அப்போது பொறுப்பாளர்களுள் ஒருவரான பங்கஜ் குப்தா காங்கிரசின் மூவண்ணக் கொடியை எடுத்துக் காட்டினார். ஒலிம்பிக் தொடக்க விழாவில் தியான் சந்த் ஏந்திச் சென்றது ஆங்கில ஆட்சியின் கீழிருந்த இந்தியாவின் கொடி. இப்போது அவர் தம் தோழர்களோடு வணங்கியது விடுதலையை நாடிய இந்தியாவின் கொடி. ஆங்கிலப் படையில் ஊதியம் பெறும் ஒருவருக்கு அது சிறு செயல் ஆகுமா? வணங்கிவிட்டுக் களத்தில் இறங்கினார்கள்.

ஈரமான தரை. ஜெர்மானியர் விடாப்பிடியாகத் தடுத்தார்கள். முற்பாதி முடிந்தபோது இந்தியாவுக்கு ஒரே ஒரு கோல். இடைவேளைக்குப் பின் தியான் சந்த் முள் பதித்த காலணிகளைக் கழற்றி வைத்துவிட்டுக் களம் புகுந்தார். அதன்பின் ஆட்டத்தின் போக்கே மாறியது. தாரா இரண்டு கோல் போட்டார்; ரூப் சிங்கும் டாப்செல்லும் ஜாபரும் போட்டார்கள்; தலைவர் தம் பங்குக்குக் குவித்தார். முடிவு: இந்தியா 8, ஜெர்மனி 1. ஐந்து ஆட்டங்களில் முப்பத்தெட்டுக் கோல்கள் போட்ட அணி வாங்கியது அந்த ஒன்றை மட்டுமே. 4-1 என்ற தோல்விக்கும் 8-1 என்ற வெற்றிக்கும் இடையே இருந்த காலம் இருபத்தொன்பது நாள். நாள், ஆகஸ்டு 15. பதினோர் ஆண்டுகள் கழித்து அதே நாள் நாட்டின் விடுதலை நாளாயிற்று.

தியான் சந்தைச் சுற்றிப் பல கதைகள் வளர்ந்துவிட்டன. அவர் கோலுக்குள் காந்தம் இருக்கிறதா என்று உடைத்துப் பார்த்தார்களாம். இட்லர் பெரும் பதவி தர முன்வந்தாராம். இவற்றுக்கு உறுதியான சான்று கிடையாது. மாயக் கோல் என்று சொல்லிவிட்டால், நிலவில் பயின்ற உழைப்பு மறைந்துவிடுகிறது. தோற்ற இரவில் உறங்காத கவலையும், துணைக்கு ஆள் கேட்ட துணிவும் மறைந்துவிடுகின்றன. பந்தைத் தம்மிடமே வைத்துக்கொள்ளாமல், கோல் போடத் தக்க இடத்தில் நிற்பவருக்குத் தள்ளிவிடும் இயல்புடையவர் அவர். அந்தப் பண்பை எந்தக் காந்தம் கொடுக்கும்?

பின்னாளில் அவர் படையில் படிப்படியாக உயர்ந்து மேஜர் பதவியோடு 1956-இல் ஓய்வு பெற்றார். அதே ஆண்டில் பத்மபூஷண் விருது கிடைத்தது. தம் வாழ்க்கையை ஒரு நூலாக எழுதினார். அந்த நூல் 1952-இல் வெளிவந்தது நம் சென்னையிலிருந்துதான். பெர்லினில் அவருக்குத் தோள் கொடுத்த தாரா, நாடு பிரிந்தபின் 1948 ஒலிம்பிக்கில் பாகிஸ்தான் அணிக்குத் தலைவரானார். தியான் சந்தோ பாட்டியாலாவில் இளைஞர்களுக்குப் பயிற்சி அளித்தார். மகன் அசோக் குமார் 1975 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக வெற்றிக் கோலைப் போட்டதையும் கண்டார். மறு ஆண்டே மான்ட்ரீல் ஒலிம்பிக்கில் இந்தியா ஏழாம் இடத்துக்கு இறங்கியதையும் கண்டார். முதுமையில் பணமுடையும் நோயும் அவரை வருத்தின. 1979-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள் டில்லி மருத்துவமனையில் காலமானார். தாம் ஆடி வளர்ந்த ஜான்சியில் அவர் உடலுக்கு எரியூட்டப்பட்டது.

அவர் மறைந்த எட்டாம் மாதம், தளர்ந்து கிடந்த இந்திய ஹாக்கிக்கு மீண்டும் ஒரு புதிய தலைமை வாய்த்தது. தமிழகத்தின் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் பெரும்பாலும் புதுமுகங்களைக் கொண்ட அணி மாஸ்கோவில் ஸ்பெயினை 4-3 என்று வென்று தங்கம் கொண்டுவந்தது. பெரியவர் அதைக் காண இருந்திருக்கலாகாதா என்று நெஞ்சம் ஏங்குகிறது.

இன்று அவர் பிறந்த நாள் தேசிய விளையாட்டு நாள். நாட்டின் மிக உயர்ந்த விளையாட்டு விருதுக்கு 2021 முதல் அவர் பெயர். சிறப்புகள் காலந்தாழ்ந்தேனும் வந்து சேர்ந்தன. ஆனால் கல்லூரி அணிக்கோ, விடுதிக் குழுவுக்கோ, நம் சங்கத்துக்கோ தலைமை ஏற்கும் மாணவர் அவரிடம் கற்க வேண்டியது விருதுப் பட்டியலில் இல்லை. அது அந்த இருபத்தொன்பது நாட்களில் இருக்கிறது. தலைமை கைக்கு வந்தவுடன் தோல்வியும் கூடவே வரலாம். அப்போது பழியை யார் தலையில் போடலாம் என்று தேடாமல், குறையை எங்கே அடைக்கலாம் என்று தேடுவோம். நம்மினும் நன்றாகச் செய்வோர் உண்டென்றால் ஆளனுப்பி அழைப்போம். கரை நிற்கும், ஏரியும் நிறையும்.