பீவி ஸல்மா (ரலி): நபிகளார் குடும்பத்தின் மருத்துவச்சி



பெருமானார் (ஸல்) அவர்களின் அருமை மக்களைப் பற்றி மீலாது மேடைகளில் நாம் வருஷந்தோறும் கேட்டு வருகிறோம். ஆனால், அம்மக்களைப் பிறந்த கணத்தில் கையில் ஏந்திய மாதரசி யார் என்று கேட்டால், நம்மில் பலருக்குப் பதில் சொல்லத் தெரியாது. அவர்தாம் பீவி ஸல்மா (ரலி). அவர்களுடைய சரித்திரத்தைச் சுருக்கமாக இங்கே தருகிறோம்.

ஸல்மா அம்மையார் செல்வக் குடும்பத்தில் பிறந்தவரல்லர். நபிகளாரின் அத்தை ஸபிய்யா (ரலி) அவர்களிடம் அடிமைப் பெண்ணாக இருந்து உரிமை பெற்றவர் என்று சரித்திர ஆசிரியர்கள் எழுதுகின்றனர். நபிகளாரே உரிமை அளித்தார்கள் என்று கூறுவாரும் உண்டு. எப்படியாயினும், அடிமைத்தளையில் இருந்து வந்த பெண்மணி என்பதில் ஐயமில்லை.

அன்னை கதீஜா நாயகி (ரலி) அவர்களோ மக்கமா நகரின் பெரும் வர்த்தகச் சீமாட்டி. சிரியா தேசத்துக்குச் சரக்கு அனுப்பியவர்கள். பேறுகாலம் நெருங்குமுன்னே பிள்ளைக்குப் பாலூட்டும் தாயை ஏற்பாடு செய்து, வேண்டியவற்றையெல்லாம் சித்தமாக வைத்திருப்பது அவர்களுடைய வழக்கம். அத்தகைய நாயகி, தம் உயிரையும் பிள்ளையின் உயிரையும் நம்பி ஒப்படைத்தது ஸல்மா அம்மையாரின் கைகளில்தான். காஸிம், ஸைனப், ருகையா, உம்மு குல்தூம், பாத்திமா, அப்துல்லாஹ் ஆகிய மக்களின் பிறப்பின்போது மருத்துவச்சியாக இருந்து உதவியவர் அவரே. ஆண்மக்கள் இருவரும் சிறு வயதிலேயே இறையடி சேர்ந்தனர். அவ்வீட்டின் மகிழ்ச்சியை மட்டுமல்ல, துயரத்தையும் உடனிருந்து கண்டவர் ஸல்மா அம்மையார்.

அவருடைய கணவர் அபூ ராபிஉ (ரலி). இவரும் அடிமையாயிருந்தவரே. அப்பாஸ் (ரலி) அவர்கள் இவரை நபிகளாருக்கு அளித்தார்கள். பின்னர் அப்பாஸ் (ரலி) இஸ்லாத்தைத் தழுவிய நற்செய்தியை இவர் கொண்டுவந்தபோது, நபிகளார் மகிழ்ந்து இவரை உரிமை விட்டார்கள்.

இத்தம்பதிகளைப் பற்றி ஒரு சம்பவம் உண்டு. ஒருநாள் அபூ ராபிஉ தொழுது கொண்டிருக்கையில் அவருடைய ஒளு முறிந்துவிட்டது. அதைக் கவனித்த ஸல்மா அம்மையார், மறுபடி ஒளுச் செய்ய வேண்டுமென்று சொல்லிவிட்டார். கணவருக்குக் கோபம் வந்து கை நீட்டிவிட்டார். அம்மையார் நேரே நபிகளாரிடம் சென்று முறையிட்டார். நபிகளார் இருவரையும் விசாரித்தார்கள். விஷயத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டு, ஸல்மா உமக்கு நன்மையைத்தானே ஏவினார் என்று அபூ ராபிஉவுக்கு எடுத்துச் சொன்னார்கள். அடிமையாயிருந்த ஒரு பெண், பயமின்றிச் சென்று தம் நியாயத்தைச் சொல்லக்கூடிய வாசலாக அவ்வாசல் இருந்தது.

ஹிஜ்ரி 7-ம் வருஷம் (கி.பி. 628) நடந்த கைபர்ப் போருக்கும் அம்மையார் நபிகளாருடன் சென்றிருந்தார். நபிகளாருக்குப் பணிவிடை செய்து வந்த அவர், புண் உண்டானாலும் முள் குத்தினாலும் அதன்மீது மருதாணி வைக்கும்படி நபிகளார் பணிப்பார்கள் என்று அறிவித்துள்ளார். அவ்வறிவிப்பு திர்மிதி, இப்னு மாஜா ஆகிய ஹதீது நூல்களில் இருக்கிறது. மருத்துவச்சியின் சொல் மார்க்க நூலில் ஏறியதைக் கவனியுங்கள்.

ஹிஜ்ரி 8-ம் வருஷம் (கி.பி. 630) துல்ஹஜ் மாதம், மாரியத்துல் கிப்திய்யா (ரலி) அவர்கள் குமாரர் இப்ராஹீமை ஈன்றபோதும் மருத்துவச்சி ஸல்மா அம்மையார்தாம். குழந்தை பிறந்ததும் வெளியே வந்து கணவரிடம் சொன்னார். அபூ ராபிஉ விரைந்து சென்று நபிகளாருக்கு நற்செய்தி கூறிப் பரிசு பெற்றார். ஏழாம் நாள் பிள்ளைக்கு முடி இறக்கி, அம்முடியின் எடைக்கு வெள்ளி தருமம் செய்யப்பட்டது. அக்குழந்தையும் இரண்டு வயது நிறையுமுன்னே, ஹிஜ்ரி 10-ல், மறைந்துவிட்டது.

ஹிஜ்ரி 11-ல் (கி.பி. 632) நபிகளார் மறைந்தார்கள். சுமார் ஆறு மாதத்தில் பாத்திமா நாயகி (ரலி) அவர்களும் மறைந்தார்கள். அவர்களுடைய மையித்தைக் குளிப்பாட்டியவர்களில் அலி (ரலி), அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) ஆகியோருடன் ஸல்மா அம்மையாரும் ஒருவர் என்று இப்னு அப்துல் பர் எழுதுகிறார். பிறந்த அன்று ஏந்திய கைகளே கடைசிக் குளிப்பையும் செய்தன. அம்மையாரின் குமாரர் உபைதுல்லாஹ், பிற்காலத்தில் அலி (ரலி) அவர்களின் எழுத்தராக விளங்கினார்.

சகோதரர்களே, இதை எழுதும்போது நமக்கு ஊர் நினைவு வருகிறது. நம் வீட்டுக்கும் ஒரு மருத்துவச்சி வருவார். நள்ளிரவில் கதவைத் தட்டினாலும் மறுக்காமல் வருவார். நாற்பது நாளும் தாய்க்கும் பிள்ளைக்கும் எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றுவார். வீட்டில் பெண்கள் மௌத்தானால் குளிப்பாட்டவும் அவரையே அழைப்போம். ஆனால் விருந்து நாளில் அவருக்குச் சோறு கொல்லைப்புறத்தில்தான். சகனில் கூட உட்கார்த்தியதில்லை. மருத்துவச்சி என்றே கூப்பிட்டோம். அவருடைய பெயர் என்னவென்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை. நம்மை முதலில் கையில் ஏந்தியவரின் பெயர் நமக்குத் தெரியாது! ஸல்மா அம்மையாரின் பெயரோ ஆயிரத்து நானூறு வருஷங்களாக நூல்களில் நிலைத்திருக்கிறது.

இந்நாளில் பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் பிறக்கின்றன. மருத்துவச்சி இருந்த இடத்தில் தாதிகள் இருக்கிறார்கள். பிரசவித்த தாய்க்கு உடம்பு பிடித்துவிட வரும் மலாய்ப் பீடான்மாரும் இருக்கிறார்கள். மையித்துக் குளிப்பாட்டும் பெண்களும் நம்மிடையே இருக்கிறார்கள். இத்தொழில்களைத் தாழ்வென்று எண்ணுவதற்கு நம் மார்க்கத்தில் இடமே இல்லை. அவர்களுக்குரிய கூலியைக் குறைக்காமல் கொடுப்போம். விருந்தில் நம் வீட்டுப் பெண்களுடன் ஒரே சகனில் அமர்த்துவோம். முதலில் அவர்களுடைய பெயரைக் கேட்டறிந்து, நம் பிள்ளைகளுக்கும் சொல்லி வைப்போம்.

அல்லாஹ் ஸல்மா அம்மையாரின் அந்தஸ்தை உயர்த்துவானாக! பெயர் தெரியாமல் மறைந்துபோன நம் ஊர் மருத்துவச்சிகளின் கபுருகளையும் ஒளியுள்ளதாக்குவானாக! ஆமீன்.