கருணைக்குக் கணக்குக் கேட்டவர்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

கொடுக்கும் உள்ளம் படைத்தோர் உலகில் பலர். கொடுத்தது பயன்பட்டதா என்று திரும்பிப் பார்ப்போர் மிகச் சிலர். அச்சிலருள் முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் அமெரிக்க மருத்துவர் ரிச்சர்டு காபட். மருத்துவமனைக்குள் சமூகப் பணியை அழைத்து வந்தவர் அவர். அப்பணியால் நன்மை விளைந்ததா என்று அளந்து காட்டச் சொன்னவரும் அவரே.

காபட் 1868 ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் மாநிலத்தின் புரூக்ளைன் நகரில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். ஹார்வர்டில் பயின்று 1892 இல் மருத்துவரானார். குருதி பற்றிய ஆய்வில் பெயர் பெற்றார். சிவப்பணுக்களில் அவர் கண்டறிந்த நுண்ணிய வளையங்கள் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றன. எனினும் அவர் ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடவில்லை. 1898 இல் பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் புறநோயாளிகளைப் பார்க்கும் பணியை ஏற்றார்.

அங்கே அவர் கண்டது என்ன? வரிசையில் வரும் ஏழை ஒவ்வொருவருக்கும் கிடைப்பது சில நிமிடங்களே. நன்றாக உண்ணுங்கள், ஓய்வெடுங்கள் என்று மருத்துவர் சொல்லி அனுப்புகிறார். அன்றாடக் கூலியை நம்பி வாழ்பவர் எங்ஙனம் ஓய்வெடுப்பார்? வீட்டு நிலை அறியாமல் தரும் மருந்து வீண் என்று காபட் உணர்ந்தார். 1905 இல் கார்னெட் பெல்ட்டன் என்னும் செவிலியரைச் சமூகப் பணியாளராக அமர்த்தினார். நடைவழியின் ஒரு மூலையே அவருடைய அலுவலகம்! சில மாதங்களில் பெல்ட்டன் காச நோயால் விலக நேர்ந்தது. அடுத்து வந்த ஐடா கேனன் அப்பணியை ஒரு துறையாகவே வளர்த்தார். தொடக்கத்தில் மருத்துவமனை இதற்குப் பணம் தரவில்லை. காபட்டே செலவை ஏற்றார். 1919 இல்தான் மருத்துவமனை அத்துறையை முறைப்படி தனதாக்கிக் கொண்டது.

தம் தொழிலையே சோதித்துப் பார்க்கும் துணிவும் அவருக்கு இருந்தது. மூவாயிரம் பிரேதப் பரிசோதனைகளின் முடிவுகளை, உயிரோடிருந்தபோது மருத்துவர்கள் கணித்த நோயோடு ஒப்பிட்டு 1912 இல் வெளியிட்டார். நீரிழிவு நோயை நூற்றுக்கு 95 பேரிடம் சரியாகக் கண்டறிந்திருந்தனர். கடுஞ்சிறுநீரக அழற்சியையோ 16 பேரிடம் மட்டுமே! சக மருத்துவர்கள் சினந்தனர். காபட் பின்வாங்கவில்லை.

1920 இல் ஹார்வர்டில் சமூக அறவியல் பேராசிரியரானார். 1931 இல் அமெரிக்கத் தேசியச் சமூகப் பணி மாநாட்டின் தலைவராக நின்று, மருத்துவரிடம் கேட்ட அதே கேள்வியைச் சமூகப் பணியாளரிடமும் கேட்டார். எத்தனை வீடுகளுக்குச் சென்றோம், எத்தனை பேருக்கு உதவினோம் என்று எழுதி வைப்பது போதாது. அவர்கள் வாழ்வு மாறியதா என்பதை அளக்க வேண்டும் என்று வற்புறுத்தினார்.

சொன்னதைத் தாமே செய்யவும் முனைந்தார். கேம்பிரிட்ஜ், சாமர்வில் என்னும் இரு நகர்களில் தவறான வழியில் போகக்கூடிய சிறுவர்களுக்கு நல்வழி காட்டும் திட்டம் ஒன்றை வகுத்தார். வயதும் குடும்ப நிலையும் ஒத்த சிறுவர்களை இணை இணையாகச் சேர்த்து, நாணயத்தைச் சுண்டி, ஒருவனுக்கு உதவி, மற்றவனுக்கு இல்லை என முடிவு செய்தனர். இறுதிவரை ஒப்பீட்டில் இருந்தோர் 506 பேர். அவருள் பாதியான 253 பேர் உதவி பெற்றோர். ஆலோசகர்கள் வீடு தேடிச் சென்றனர். பாடம் கற்பிக்கவும் மருத்துவம் பார்க்கவும் கோடை முகாம்களுக்கு அனுப்பவும் ஏற்பாடு செய்தனர். 1939 மே மாதத்தில் காபட் மறைந்தார். திட்டம் 1945 வரை நடந்தது.

விளைவு? 1951 இல் வெளியான முதல் மதிப்பீட்டில் குற்றம் குறைந்ததாகத் தெரியவில்லை. முப்பது ஆண்டுகளுக்குப் பின் ஜோன் மெக்கார்டு என்னும் ஆய்வாளர் அச்சிறுவர்களை நடுவயதினராகத் தேடிக் கண்டார். 1978 இல் அவர் வெளியிட்ட முடிவு திடுக்கிட வைத்தது. அத்திட்டம் தமக்கு உதவியதாக அவருக்குப் பதிலளித்தவருள் மூன்றில் இரு பங்கினர் கூறினர். ஆனால் மீண்டும் குற்றம் புரிதல், குடிப்பழக்கம் போன்றவற்றில் உதவி பெற்றோரின் நிலையே உதவி பெறாதோர் நிலையினும் மோசமாக இருந்தது! கோடை முகாம்களுக்குப் பலமுறை அனுப்பப்பட்டோரிடையே தீங்கு மிகுதி எனப் பின்னைய ஆய்வு காட்டியது. ஒத்த சிறுவர்கள் ஒன்றுகூடியதே காரணமாகலாம் என்பது ஆய்வாளர் கருத்து.

அப்படியானால் காபட் தோற்றாரா? இல்லை. உதவி பெறாத மற்றப் பாதி இல்லாதிருந்தால், நன்றிச் சொற்களை மட்டும் கேட்டு, உலகம் இதே திட்டத்தை ஊர்தோறும் பரப்பியிருக்கும். தம் கருணையே தீங்கானாலும் அதை வெளிக்காட்டும் அளவுகோலை முன்கூட்டியே வைத்துச் சென்றதுதான் அவர் பெருமை.

மாணவ நண்பர்களே! ஆய்வுக்கூடத்தில் மருந்து சேர்த்த குழாயோடு சேர்க்காத குழாயையும் வைத்து ஒப்பிடுகிறோம். அந்நெறியை அன்புக்கும் பொருத்தியவர் காபட். உதவித்தொகையின் துணையால் எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி ஆகவிருக்கும் நான், அவ்வுதவி பயன்பட்டதா என்று எவரேனும் கேட்டால் அவமதிப்பாகக் கொள்ளேன். அக்கறை என்றே கொள்வேன். நன்றியோடு ஆம் என்பேன். ஆனால் அந்த ஆம் மட்டும் போதாது என்பதையும் காபட்டின் வாழ்வு கற்பிக்கிறது. நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் நட்ட கன்றுகளை எண்ணி எழுதும் நாம், மறுகோடையில் தழைத்து நிற்பவை எத்தனை என்றும் எண்ணுவோமாக!