கொற்றவன்குடி உமாபதிசிவனார்

மெய்கண்டார் சந்தானத்து நாலாங் குரவராகிய உமாபதிசிவாசாரியர், தில்லைவாழந்தணர் மரபில் தோன்றிக் கூத்தப்பெருமானைப் பூசிக்கும் உரிமை வாய்ந்தவர். அவர் அருளிய சங்கற்ப நிராகரணம் சகம் 1235, அஃதாவது கி.பி. 1313 என்னும் யாண்டினைக் குறித்தலின், அவர் காலம் தெளிவாகத் துணியப்படும்.

ஒருநாள் அவர் பூசை முடித்துப் பகல்விளக்கு முதலிய விருதுகளோடு சிவிகையூர்ந்து மீண்டனர். தெருவிலிருந்த மறைஞானசம்பந்தர் அப்பெருமிதத்தை இகழ்ந்தொரு சொற் சொல்லினர். அது கேட்ட உமாபதியார் வெகுளாது, சிவிகையினின்றிழிந்து அவர் பின்னே சென்றனர். மறைஞானசம்பந்தர் நெசவாளர் தெருவிலே பாவுக்கிடுங் கூழைக் கையேந்திப் பெற்றுப் பருகினர். முழங்கை வழியொழுகிய கூழை உமாபதியார் குருவின் சேடமெனக் கொண்டு உட்கொண்டனர். இங்ஙனம் ஆன்றோர் உரைப்பர்.

குருவின் சேடத்தைப் போற்றுதல் சைவர்க்கு உடன்பாடேயாம். ஆயினும், இன்னார் மனைப்பொருளை இன்னார் உண்ணலாகாதென்னும் எழுதா வழக்கொன்று ஊரை ஆண்டது. தில்லையந்தணர் அவரைத் தம்மினின்றும் விலக்கினர், பூசையுரிமையும் போயிற்று. அவரைக் கொடியரென்றல் பொருந்தாது. வழிவழிக் காத்த ஒழுக்கம் ஒருவராற் குலைந்தால் கோயிற்கே தீங்காமென அவர் அஞ்சினர் போலும். உமாபதியாரோ வழக்காடாது, அயலதாகிய கொற்றவன்குடியில் மடங்கொண்டு உறைந்தனர்.

அங்கும் அவர் ஊர்வழக்கைக் கடந்தே ஒழுகினர். மடைப்பள்ளிக்கு விறகளித்த பெற்றான் சாம்பானென்னும் புலையர்க்குத் தீக்கை செய்து முத்தியளித்தனர். சாம்பானார் மனைவி கணவனை இழந்தேனென்று அரசனிடம் முறையிட, அவன் நேரில் வந்து வினவினன். ஆசிரியர் ஆண்டு நின்ற முள்ளிச்செடிக்கும் முத்தி நல்கிக் காட்டினரென்ப. பின்னொருகால் தில்லைத் திருவிழாவிற் கொடியேறாது நிற்ப, விலக்கினவரே அவரை அழைத்தனர். அவர் கொடிக்கவி பாடக் கொடி ஏறிற்றென்பது வரலாறு.

தம்மை விலக்கிய ஊரின்மேல் அவர் உள்ளத்திற் காழ்ப்பில்லை என்பதற்குக் கோயிற்புராணமே சான்று. தில்லையின் பெருமையையும் மூவாயிரவர் பெருமையையும் அந்நூலில் அவர் விரித்துரைத்தனர். விலக்குண்ட அவர்பால் அருள்பெற்ற அருணமச்சிவாயர் வழியே திருவாவடுதுறை ஆதீனத்துக் குருமரபு தழைத்தது.

ஆகலின், திருவருட்பயனையும் சிவப்பிரகாசத்தையும் நாடோறும் ஓதும் நாம், பிறப்பு நோக்கி ஓரடியவரைப் பந்தியினின்றோ வாயிலினின்றோ விலக்க நேருமாயின், கொற்றவன்குடியில் நிற்கின்றோமா, அவரை விலக்கிய தெருவில் நிற்கின்றோமா என்று ஆராய்தல் கடனாகும். எழுதா வழக்கு ஊரைக் காக்கும். உயிரைக் காப்பது திருவருளொன்றே.