கியர் தாத்தா வெலோசியோ

பாம்பன் ரோட்டுப் பாலத்துல மண்டபம் பக்கமா, கச்சான் காத்துக்கு எதிரே சைக்கிள் மிதிச்சிருக்கீங்களா? நடு ஏத்தம் வர்றதுக்குள்ள பாதிப்பேர் இறங்கித் தள்ளுவோம். கியர் சைக்கிள்காரன் மட்டும் மெதுவா உட்கார்ந்தே போவான். அவனைத் தெம்பில்லாதவன்னு கேலி செய்வோம். இதே கேலியை நூறு வருஷத்துக்கு முன்னாடியே வாங்கியவர் ஒருவர் உண்டு.

அவர் பெயர் பால் தெ விவி. பிரான்சில் 1853-ல் பிறந்தார். பட்டு வியாபாரி. 1881-ல் முதல் சைக்கிள் வாங்கினார். அதோடு பட்டு மேல் இருந்த ஆசை போச்சு! செயின்ட் எத்தியேன் ஊரில் சைக்கிள் கடை வைத்தார். 1887-ல் ஒரு சைக்கிள் பத்திரிகையும் தொடங்கி, வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதினார். சைவ உணவுக்காரர்; இரவு முழுக்க மிதித்து வெகுதூரம் போவார்.

அந்த ஊரைச் சுற்றி மலை. 1161 மீட்டர் உயரக் கணவாய் ஒன்று பக்கத்திலேயே இருக்கு. அப்போது சைக்கிளுக்கு ஒரே பல்சக்கரம்தான். சமதளத்துக்குச் சரியாக இருப்பது ஏத்தத்துக்கு ஆகாது. அவர் பெடல் பக்கம் சின்னதும் பெரிசுமாக இரண்டு பல்சக்கரம் மாட்டினார். சின்னதில் செயின் ஓடினால் ஒரு மிதிக்குக் குறைந்த தூரம்தான் போகும், ஆனால் கால் நோகாது. மாற்றணும்னா கீழே இறங்கிச் செயினைக் கையால் தூக்கிப் போடணும்! (கையெல்லாம் கிரீஸ்தான்.) பிறகுதான் ஓட்டிக்கொண்டே மாற்றும் வழிகளைத் தேடினார்.

1902-ல் நடந்த மலைச் சோதனை ஓட்டத்தில் மார்த் ஹெஸ் என்ற பெண்மணி மூன்று கியர் சைக்கிளில், இறங்காமலே ஏறி முடித்தார். அப்பவும் பத்திரிகை ஆசிரியர் தெக்ராஞ்ச் ஒத்துக்கொள்ளவில்லை. கியர் எல்லாம் 45 வயசு தாண்டினவங்களுக்குத்தான் என்று எழுதிவிட்டார். அவர்தான் அடுத்த வருஷம் டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கியவர்! வெலோசியோ சண்டைக்கு நிற்காமல், தானே மலை மலையாக ஏறிக் காட்டினார். பார்த்ததைத் தன் பத்திரிகையில் எழுதினார்.

இன்று கியர் மாற்ற இரண்டு வகை லிவர் உண்டு. ஒன்று டிக் டிக்கென்று நிற்கும். மற்றது சும்மா நகரும்; நாமே காதால் கேட்டுச் சரிசெய்யணும். நெடும்பயணக்காரர் பலருக்கு இரண்டாவதே பிடிக்கும். நம்ம ஊர் உப்புக்காத்தில் கேபிள் துருப்பிடித்து இறுகினாலும் அது ஓரளவு வேலை செய்யும். என் ஓட்டும் அதுக்கே.

1930-ல், 76 வயதில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டைக் கடக்கும்போது டிராம் மோதி இறந்தார். டூர் பந்தயத்தில் செயின் மாற்றும் கியரை 1937-ல்தான் அனுமதித்தார்கள். அந்தக் கணவாயில் இப்போது அவருக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது.