தேசபக்தர் சிதம்பரம் பிள்ளையும் குடிகளின் உரிமையும்

பொருநை நதி ஆழ்வார்திருநகரியை வளப்படுத்திக் கிழக்கே சென்று, புன்னைக்காயலருகே முத்துக்குளித்துறைக் கடலிற் கலக்கின்றது. அக்கடற்கரையிலுள்ள தூத்துக்குடி நகரில் வழக்கறிஞராய் விளங்கிய ஒருவர், குடிகளின் உரிமைக்கும் அரசின் அதிகாரத்துக்கும் எல்லை யாது என்னும் வினாவைத் தம் வாழ்க்கையாலேயே எழுப்பினார். அவரே வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள்.

அவர் 1872-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில், உலகநாத பிள்ளைக்கும் பரமாயி அம்மைக்கும் மைந்தராய்த் தோன்றினார். சட்டம் பயின்று, ஏழைகளுக்காக ஊதியங் கருதாது வழக்காடிப் புகழ் பெற்றார். அக்காலத்தே தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே நடந்த கப்பல் வாணிகம் வெள்ளையர் கம்பெனியின் கைப்பட்டிருந்தது. அதனை மாற்றக் கருதிய பிள்ளையவர்கள், 1906-இல், பாண்டித்துரைத் தேவர் முதலியோர் துணையுடன், பத்து லட்சம் ரூபாய் மூலதனத்தில் சுதேசி நாவாய்ச் சங்கத்தை நிறுவினார். காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வந்தன. எதிர்க்கம்பெனி கட்டணத்தைக் குறைத்துப் போட்டியிட்டும் மக்கள் சுதேசிக் கப்பலையே நாடினர்.

1908-இல் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர், குறைந்த கூலியும் நெடுநேர வேலையும் தாங்காது வேலைநிறுத்தஞ் செய்தனர். பிள்ளையவர்களும் சுப்பிரமணிய சிவாவும் அவர்கட்கு வழிகாட்டினர். ஆலையார் இணங்கினர், கூலி உயர்ந்தது, வேலைநேரம் குறைந்தது, ஞாயிறு ஓய்வும் கிடைத்தது.

ஆட்சியாளர் இதனைப் பொறுக்கவில்லை. விபின சந்திர பாலரின் விடுதலையைக் கொண்டாட முற்பட்ட வேளையில், கலெக்டர் விஞ்சு துரை, அரசியலினின்று விலகி ஜில்லாவை விட்டு நீங்குமாறு கூறி, நன்னடத்தைக்கு ஜாமீன் கேட்டார். பிள்ளையவர்கள் மறுத்தார், மார்ச்சு 12-ஆம் நாள் சிறைப்பட்டார். அவர் யாதொரு குற்றமும் செய்தாரென்று அதுவரை எந்த நீதிமன்றமும் தீர்ப்பளித்திலது. இனிச் செய்யக்கூடும் என்னும் ஐயமே அவரை அடைக்கப் போதியதாயிற்று. மறுநாள் திருநெல்வேலியில் கலகம் மூண்டது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். பின்னர் இராஜநிந்தனை வழக்கில் நீதிபதி பின்ஹே, இரண்டு ஆயுள்தண்டனை விதித்தார். மேல் நீதிமன்றம் அதனை ஆறாண்டாகக் குறைத்தது.

கோயமுத்தூர்ச் சிறையில் மாடு இழுக்க வேண்டிய செக்கை அவர் இழுத்தார். கண்ணனூர்ச் சிறையிலும் துன்புற்றார். 1912 டிசம்பரில் விடுதலையானபோது கப்பற்சங்கம் அழிந்திருந்தது. வழக்கறிஞர் உரிமையும் பறிபோயிருந்தது. அவ்வுரிமையை மீட்டுத் தர உதவிய வாலஸ் துரையின் நன்றியை மறவாது, தம் மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். வறுமையிலும் தமிழ்நூல்களைப் பதிப்பித்து வாழ்ந்து, 1936 நவம்பர் 18-இல் தூத்துக்குடியில் மறைந்தார்.

அவருடைய காலத்தில், ஆட்சியாளரைத் தடுத்து நிறுத்தவல்ல அடிப்படை உரிமைகளை வகுத்த சாசனம் ஒன்றும் நம் நாட்டில் இருந்ததில்லை. 1950 ஜனவரி 26-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பு அக்குறையை நீக்கியது. 19-ஆம் விதி பேச்சுரிமையையும் சங்கம் அமைக்கும் உரிமையையும், 21-ஆம் விதி உயிரையும் தனிமனித விடுதலையையும் காக்கின்றன. தொழிலாளர்க்கு வாழத்தக்க கூலி கிடைக்க அரசு முயலவேண்டுமென 43-ஆம் விதி கூறுகின்றது. இஃது அரசின் கொள்கைக்கு வழிகாட்டும் நெறி. நீதிமன்றத்தின் வாயிலாய் வலிந்து பெறத்தக்கதன்று. எனினும் உரிமையும் நெறியும் பகையல்ல. கோரல் ஆலையில் கூலி உயர்ந்தது கூடிப் பேசும் உரிமையாலேயன்றோ? இரண்டும் ஒத்து நிற்றலே அரசியலமைப்பின் உயிர்நிலையென உச்ச நீதிமன்றம் 1980-இல் மினர்வா ஆலை வழக்கில் தீர்ப்பளித்தது.

ஆயினும் ஆபத்துக்கால அதிகாரமும், விசாரணையின்றிக் காவலில் வைக்கும் வழியும் அச்சாசனத்தினுள்ளேயே இடம்பெற்றுள்ளன. 1975 ஜூன் 25 முதல் 1977 மார்ச்சு 21 வரை உள்நாட்டுக் குழப்பத்தைக் காரணங்காட்டி நெருக்கடிநிலை நிலவியது. பல்லாயிரவர் விசாரணையின்றிச் சிறையிலிருந்தனர். அக்காலத்தில் அவர்கள் நீதிமன்றத்தை அணுகவும் வழியில்லையென 1976-இல் உச்ச நீதிமன்றம் பெரும்பான்மையால் முடிவு செய்தது. நீதிபதி கன்னா ஒருவரே மாறுபட்டார். 1978-ஆம் ஆண்டின் 44-ஆவது திருத்தம், உள்நாட்டுக் குழப்பம் என்பதனை ஆயுதக் கிளர்ச்சி என மாற்றி, 20, 21-ஆம் விதிகளின் பாதுகாப்பை நெருக்கடியிலும் நிறுத்தலாகாதென வரையறுத்தது.

நாட்டைக் காக்க அரசுக்கு வலிமை வேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால் அவ்வலிமை அச்சத்தினின்று எழுமாயின், முதலில் அடைபடுவோர் பிறர்நலம் பேணுவோரே என்பதைப் பிள்ளையவர்களின் வாழ்வு காட்டுகின்றது. இன்று தூத்துக்குடித் துறைமுகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அப்பெயரைப் போற்றும் இளைஞர், அவர் இழந்த உரிமை தம் அயலானுக்கு மறுக்கப்படும் நாளில் வாளாவிருத்தல் ஆகாது. அதுவே அவருக்குச் செய்யும் உண்மை நன்றியாம்.